பிரேக் மாற்றியபின் பெடல் உள்ளே போகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரேக் பேடு மாற்றியாச்சு, சக்கரம் மாட்டியாச்சு, ஜாக்கியையும் இறக்கியாச்சு. பெடலை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கால் அடிவரை போகிறது. தன் காருக்குத் தானே முதல் தடவை பிரேக் வேலை பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “ஏர் பிடிச்சிருக்கும், ப்ளீட் பண்ணுங்க.” அதாவது, பிரேக் எண்ணெய் ஓடும் லைனில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். சில சமயம் அது சரி. பல சமயம் தேவையே இல்லாத வேலை. மூடியிருந்த லைனைத் திறந்து, இல்லாத காற்றை உள்ளே விட்டு, சின்னக் கோளாறைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் மிச்சம்.

பெங்களூர்த் தமிழர்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தின வாரத்தில்தான் எடுக்கிறார்கள். ஊருக்குப் போகும் முன் வண்டியைப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டிச் சேலம் பக்கம் போகிறவர்களுக்கு வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. பெடலில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இறங்கக்கூடிய சாலை அல்ல அது. ஆகவே இந்த வேலையைப் புறப்படும் நாளுக்கு முந்தின இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் குறைந்தது இரண்டு நாளாவது இருக்கட்டும்.

முதலில், கோளாறே இல்லாமல் பெடல் உள்ளே போகும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. புது பேடு தடிமனாக இருக்கும். அதற்கு இடம் கொடுக்க பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். இப்போது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பெரிய இடைவெளி. முதல் சில மிதிகள் பிஸ்டனை வெளியே கொண்டுவருவதிலேயே தீர்ந்துபோகும். வண்டியை அசைக்கும் முன், எஞ்சின் ஆஃபில் இருக்கும்போதே, பெடலை மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மிதியுங்கள். கெட்டியாகிவிட்டால் வேலை முடிந்தது. இதைச் செய்யாமல் ரிவர்ஸ் போட்டு எடுத்தவர்கள் பின்னால் இருக்கும் தூணில் போய்தான் நிற்பார்கள். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ராம்ப்பில் ஏறியபின் பிரேக் இல்லை என்று தெரிவது நல்ல அனுபவம் அல்ல.

இப்படி மிதித்தும் கெட்டியாகவில்லை என்றால், உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது.

எண்ணெய் லைனைத் திறந்தீர்களா?

பேடு, டிஸ்க், பிரேக் ஷூ, இவற்றை மாற்ற எண்ணெய் லைனைத் திறக்கவே வேண்டியதில்லை. கேலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். அப்படித்தான் செய்தீர்கள் என்றால் காற்று உள்ளே போக வழியில்லை. பானெட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் எண்ணெய் டப்பாவில் எண்ணெய் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக்கில் இன்று குறை என்றால், நீங்கள் கை வைத்த இடத்தில்தான் அது இருக்கும். பெடல் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் சரியாக உங்கள் பேடு மாற்றும் நாளைப் பார்த்துக் கெட்டுப்போவது அபூர்வம்.

மாறாக, கேலிப்பரையே மாற்றியிருந்தால், ஹோஸ் மாற்றியிருந்தால், டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரை மாற்றியிருந்தால், அல்லது பிஸ்டனைத் தள்ளும்போது காற்றெடுக்கும் திருகான நிப்பிளைத் திறந்திருந்தால், காற்றுதான் முதல் சந்தேகம்.

இந்தப் பதில் கையில் இருக்கட்டும். அடுத்து பெடல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பெடல் சொல்லும் சேதி

எஞ்சினை ஆஃப் செய்து, ஐந்தாறு தடவை மிதித்து மிதிக்கு பலம் சேர்க்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். அப்புறம்தான் பெடல் உண்மையைச் சொல்லும். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் உதவுவதால் பெடல் எப்போதுமே கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும். இதைத் தெரியாமல் பயந்து மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்கள் நிறையப் பேர். பூஸ்டரைச் சோதிக்க ஒரு சுலப வழி: எஞ்சின் ஆஃபில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கி நின்றால் பூஸ்டர் நலம். பூஸ்டர் கெட்டால் பெடல் கல் மாதிரி கடினமாகும், மெத்தென்று ஆகாது. எனவே நம் கேள்வியில் பூஸ்டருக்கு வேலை இல்லை.

இப்போது பெடலை மிதித்துக் கவனியுங்கள்.

முதல் மிதி ஆழமாகப் போகிறது. உடனே இரண்டாவது, மூன்றாவது மிதிக்கு உயரத்திலேயே கெட்டியாக நிற்கிறது. இது எங்கோ இடைவெளி அதிகம் என்பதன் அடையாளம். எண்ணெயில் குறையில்லை, பேடோ ஷூவோ தூரமாக இருக்கிறது.

எத்தனை தடவை மிதித்தாலும் கொஞ்சம் மேலே வருகிறது, ஆனால் அழுத்தினால் ஸ்பிரிங் போல இறங்கி ஏறுகிறது. இது காற்று. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். உங்கள் கால் பலமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. தேய்மானத்தால் சமதளம் இல்லாமல் போன பழைய டிஸ்க்கில் புது பேடு மாட்டினாலும் இதே போன்ற மெத்தனம் கொஞ்சம் வரும். பேடு முழுப் பரப்பிலும் படியும்வரை இருந்து, பிறகு தானே சரியாகும்.

பெடல் கெட்டியாக நிற்கிறது, ஆனால் ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது. இது கசிவு. டப்பாவில் எண்ணெய் மட்டம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வெளியே எங்கோ ஒழுகுகிறது. குறையவே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தாண்டி எண்ணெய் திரும்புகிறது.

நிறுத்தி வைத்திருக்கும்போது அருமையான பெடல், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மிதித்தால் முதல் மிதி மட்டும் ஆழம். இது வேறு கதை. டிஸ்க் நேராக உட்காராமல் சுழலும்போது லேசாக ஆடி, பிஸ்டனைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றிக் காற்றெடுத்தாலும் இது தீராது.

கை வைத்த இடங்கள்

லைனைத் திறக்காதவர்கள் இங்கேதான் பொறுமையாகத் தேட வேண்டும். சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே தலையைக் கொடுக்காதீர்கள்; ஸ்டாண்ட் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பேஸ்மெண்ட் தரையில் டைல்ஸ் போட்டிருந்தால் ஸ்டாண்ட் வழுக்கும், அடியில் பலகை வையுங்கள்.

டிஸ்க் மாற்றியிருந்தால் முதலில் டிஸ்க் உட்காரும் ஹப்பைப் பாருங்கள். பழைய டிஸ்க்கை எடுத்ததும் ஹப் முகத்தில் துரு ஏடு ஏடாக இருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் புது டிஸ்க்கை மேலே வைத்தால் அது சாய்ந்து உட்காரும். பல கார்களில் டிஸ்க் ஆட்டத்துக்கு 0.1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவுதான் அனுமதி. ஒரு துருத் துணுக்கே அதைத் தாண்டிவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

அப்புறம் பேடு. அது தாங்கியில் கையாலேயே வழுக்கி நகர வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றியிருந்தால் அது தப்பு; இறுக்கமாக நிற்கும் பேடு வளைந்து கொடுக்கும், அந்த வளைவுதான் காலில் மெத்தனமாகத் தெரியும். பேடின் முதுகில் ஒட்டும் ஷிம் தகடு புது பேடிலேயே இருக்கும்போது பழையதையும் சேர்த்துப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு தகடு சேர்ந்தால் அது ஸ்பிரிங்தான். கேலிப்பர் நகரும் பின்கள் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் பல கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். மேல் பின் கீழேயும் கீழ் பின் மேலேயும் போனால் கேலிப்பர் சுகமாக நகராது. பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண மஞ்சள் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார்களில் ஒரு பொறி இருக்கிறது. ஹேண்ட் பிரேக் பொறியமைப்பு கேலிப்பருக்குள்ளேயே இருந்தால் அந்தப் பிஸ்டனை நேராகத் தள்ள முடியாது, திருகிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும். சி-கிளாம்ப் போட்டு நசுக்கினால் கேலிப்பர் செத்துவிடும். திருகி முடித்தபின் பிஸ்டன் முகத்தில் இருக்கும் பள்ளம் பேடின் முதுகில் இருக்கும் குமிழோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பேடு சாய்ந்து நிற்கும், பெடல் மெத்தென்று போகும்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம்தான். ஷூ மாற்றியபின் பெடல் ஆழமாகப் போவதற்குப் பெரும்பாலும் அட்ஜஸ்ட்மெண்ட் தான் காரணம். இதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர்கூட வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று உயரமாகவும் கெட்டியாகவும் ஆனால் பின் ஷூக்கள் டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கின்றன என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பிரேக் சோதனைகளிலேயே செலவில்லாமல் இவ்வளவு விஷயம் சொல்லும் சோதனை வேறில்லை. இதற்குத் தீர்வு: ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, டிரம் லேசாக உரசும்வரை ஷூவை விரித்துவிடுங்கள். பிறகு ஒன்றிரண்டு பல் பின்னால் எடுங்கள். கடைசியில்தான் கேபிளை இழுக்க வேண்டும். பலர் கேபிளை முதலில் இறுக்கி ஹேண்ட் பிரேக்கைச் சரியாக்கிவிடுகிறார்கள். அப்போது தானாக அட்ஜஸ்ட் ஆகும் பொறி வேலையே செய்யாமல் நின்றுபோகும்.

காற்று எடுப்பது

லைனைத் திறந்தவர்களுக்கு இது தவிர்க்க முடியாத வேலை. தொடங்கும் முன் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: கேலிப்பரில் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா? இடது கேலிப்பரை வலப்பக்கம் மாட்டினால் பல கார்களில் அது கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும், நீங்கள் கீழே திறந்து எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நாள் முழுக்க ப்ளீட் செய்தும் பெடல் மாறவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

தேவையானவை அதிகமில்லை. நிப்பிள் அளவுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், பெரும்பாலும் 8, 10 அல்லது 11 நம்பர். ஒரு பாட்டில், கண்ணாடி போலத் தெரியும் டியூப், சீல் உடைக்காத புது பிரேக் ஆயில், பெடலில் உட்கார ஒரு ஆள். ஹோஸ் போல்ட்டுக்கு இரு பக்கமும் வரும் செம்பு வாஷர்களைப் புதிதாக வாங்குங்கள். பழையதை மறுபடி போட்டால் அங்கே கசிவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் இதெல்லாம் கிடைக்கும். தமிழிலேயே கேட்கலாம். பழைய வாஷரையும் பேடையும் கையோடு எடுத்துப் போவது நல்லது, அளவு வாய்ச்சொல்லில் தப்பிப்போகும்.

ஆயில் விஷயத்தில் டப்பா மூடியில் எழுதியிருப்பதுதான் சட்டம். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு; டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான். பெயர் நெருக்கமாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு துளி போனாலும் சீல்கள் ஊதிவிடும், பிறகு ரப்பர் உள்ள பாகம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். பிரேக் ஆயில் பெயிண்டையும் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வரிசை: நம் நாட்டுக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருப்பதால், வழக்கமாகத் தூரத்துச் சக்கரமான இடது பின்பக்கத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவார்கள். ஆனால் முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும். அவற்றுக்கு வரிசை வேறு. கார் மேனுவலில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

டியூப்பை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் ஆயில் ஊற்றி அதில் முங்கவிடுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மைத்துனரோ பக்கத்து வீட்டுத் தம்பியோ, பேச்சு முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். “மிதி” என்றதும் அவர் மெதுவாக அழுத்தி, “பிடிச்சாச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்கிறீர்கள். பெடல் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு “விடு” என்ற பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நீங்கள் மூடும் முன் அவர் காலை எடுத்தால் வெளியேற்றிய காற்றெல்லாம் திரும்ப உள்ளே. மிதிக்கிறவர் அவசரக்காரராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டை வைப்பது நல்லது. பழைய வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு சீல் வழக்கமாகப் போவதே இல்லை. அங்கே துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். அடிவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியலாம். ப்ளீட் செய்வதற்கு முன்பு நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் பிறகு கெட்டுப்போவது பல சமயம் இப்படித்தான்.

ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை டப்பாவை நிரப்புங்கள். அது காலியானால் மேலிருந்து காற்று இறங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குமிழி நின்று, தெளிந்த புது ஆயில் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் தொடருங்கள். நிப்பிள் சின்னது, இறுக்கியே தீர்வேன் என்று பலம் காட்டினால் உடைந்து உள்ளேயே நிற்கும். பாட்டிலில் வடிந்த ஆயிலை மறுபடி டப்பாவில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்; ஏதாவது ஒர்க்ஷாப்பின் கழிவு ஆயில் டிரம்மில் சேர்த்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு மெத்தனம் போகவில்லையா? ரப்பர் ஹோஸ்களை அதற்கென்றே இருக்கும் கிளாம்ப்பால் இறுக்கி மூடுங்கள். கட்டிங் பிளேயர் வேண்டாம், ஹோஸ் உள்ளே கிழியும். ஏற்கெனவே வெடிப்பு விட்ட ஹோஸ் என்றால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது பெடல் கல் மாதிரி நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நலம். ஒவ்வொன்றாகத் திறந்து வாருங்கள், எதைத் திறந்ததும் பெடல் தொய்கிறதோ அந்தச் சக்கரத்தில்தான் பிரச்சனை. எல்லாம் மூடியும் தொய்ந்தால் மாஸ்டர் சிலிண்டரோ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பெட்டியோதான்.

இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்பட்ட புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அந்தப் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் கால் மிதியால் மட்டும் எடுப்பது கஷ்டம். ஸ்கேனர் கருவியை மாட்டி உள்ளிருக்கும் மோட்டாரையும் வால்வுகளையும் இயக்கி எடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் கருவி இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு வண்டியை அனுப்புங்கள். ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பெடல் கெட்டியானதும் நேராக ரிங் ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் பார்க்கிங்கில் நடை வேகத்தில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில். பிறகு விடியற்காலையில் ஆளில்லாத தெருவில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பல தடவை பிரேக் பிடித்து, நடுவில் ஆற விட்டு, பேடைப் படிய வையுங்கள். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அவசியமில்லாமல் ஓங்கி மிதிக்காதீர்கள்.

நகரத்துக்குள் நன்றாக இருந்து, நீண்ட இறக்கத்தில் மட்டும் பெடல் திடீரென மெத்தென்று போனால் அது காற்று எடுக்காத குறை அல்ல, பழைய ஆயிலின் வேலை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் தரக் கட்டளை கேட்பது 155 டிகிரிதான். டாட் 3-க்கு இது 205, 140. இறக்கம் முழுக்கக் காலைப் பிரேக்கிலேயே வைத்து ஓட்டினால் அந்தச் சூட்டை எட்டிவிடலாம். கொதித்த ஆயிலிலிருந்து ஆவி, ஆவி வந்தால் பெடல் தரைக்கு. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பெடல் திரும்பிவிடும், அதனால் பலர் மறந்தும்விடுகிறார்கள். பேடு மாற்றும் சமயத்தில் ஆயிலுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். தொப்பூரில் கியரைக் குறைத்து எஞ்சின் பிடிமானத்தில் இறங்குங்கள்.

ஒரு நாள் ஓட்டியபின் மறுபடி சக்கரங்களுக்குப் பின்னால் டார்ச் அடித்து, நிப்பிள், ஹோஸ் போல்ட், டயரின் உள்பக்கம் எங்கும் ஈரம் இல்லை என்று பாருங்கள். டப்பாவில் இருக்கும் மட்டத்தைப் பேனாவால் குறித்துவையுங்கள். பேடு தேயத் தேய அந்த மட்டம் பல மாதங்களில் மெல்ல இறங்கும், அது இயல்பு. கசிவு இல்லாதவரை, குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கும்வரை மேலே ஊற்றி நிரப்ப வேண்டாம். நிரப்பினால் அடுத்த முறை புது பேடு போடப் பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் வழிந்து எஞ்சின் அறையின் பெயிண்டில்தான் விழும்.